வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்தல் ஆரவாரம் ஓய்ந்துவிட்டது. 'பட்டியலில் பேர் இல்லை' என்று வாக்குச்சாவடியிலிருந்து திரும்பியவர்கள் அடுத்த தேர்தல் அறிவிப்பு வரை காத்திருக்கக் கூடாது. அடையாள அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது; பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்களிக்க முடியும்.

கன்னியக்கோயிலிலிருந்து ரெட்டிச்சாவடிக்கு வீடு மாறினாலே புதுச்சேரி போய்த் தமிழ்நாடு வந்துவிடுகிறது. பலர் பழைய பதிவை அப்படியே விட்டுவிட்டு, கடலூரில் படிவம் 6 கொடுக்கிறார்கள். அது முதன்முறை சேர்பவர்களுக்கானது. இரண்டு இடத்தில் பெயர் இருப்பதை 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அனுமதிப்பதில்லை. படிவத்தில் தரும் உறுதிமொழி பொய்யானால் அச்சட்டத்தின் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. தெரியாமல் செய்பவர்கள்தான் அதிகம் என்பது வேதனை.

முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 தான். பழைய வாக்காளர் அட்டை எண்ணை எழுதி, புது முகவரியுள்ள ஆதார் அல்லது வங்கிப் புத்தக நகலை இணைத்து, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தரலாம். வாடகைக்கு இருப்போர் பேரில் மின் ரசீது இருக்காது. வாடகை ஒப்பந்தமும் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அவர்கள் முதலில் ஆதார் முகவரியை மாற்றிக்கொள்வதே சுலபம். ஏற்கெனவே இரட்டைப் பதிவு உள்ளவர்கள் படிவம் 7 கொடுத்துப் பழையதை நீக்கலாம்.

எல்லைக் கிராமங்களில் இதற்கென ஒரு நாள் முகாம் நடத்த மாவட்டத் தேர்தல் அலுவலர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாக்காளர், மஞ்சக்குப்பம், கடலூர்