கானாற்றுப் பணி: உறுப்பினர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். நாகநதியில் சேரும் நம் கானாற்றில் ஞாயிறு காலை தொடங்கும் சீரமைப்புப் பணியின்போது, கூழாங்கற்களையும் விழுந்து கிடக்கும் மரங்களையும் குப்பையென எண்ணி யாரும் அகற்ற வேண்டாம். அமெரிக்காவின் எல்வா ஆற்றில், முட்டையிடக் கடலிலிருந்து எதிரேறி வரும் சால்மன் மீன்களின் வழியை ஏறத்தாழ 100 ஆண்டுகள் மறித்திருந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்து அகற்றினார்கள். அங்குள்ள கிளாலம் பழங்குடியினர் பெருமரத் தடிகளையும் ஆற்றில் அடுக்கினார்கள். தடியில் மோதும் நீர் மணலைப் பறித்து மடுவாக்க, குஞ்சுகள் அதில் ஒதுங்குகின்றன. சால்மன் முட்டைகளுக்கோ சரளைக்கற்களின் இடுக்கில் குளிர்ந்த நீர் ஓட வேண்டும்; வண்டல் அடைத்தால் அவை மூச்சுமுட்டி அழியும். நம் விராலும் கெளுத்தியும் புதுவெள்ளத்தில் எதிரேறுபவை. ஆகவே, நம் கானாற்றுத் தடுப்பணையின் ஓரத்தில் அவை ஏறிச்செல்லச் சரிவு அமைக்குமாறு பொறியாளரிடம் வலியுறுத்துவதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. மண்வெட்டியும் குடிநீரும் கொண்டு வாருங்கள்.