மூன்று ஆட்டங்களோடு நிறுத்துவதா? அமெரிக்கக் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஒரு வீரனின் அம்மாவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மகனுக்கு இது கல்லூரியில் இரண்டாம் வருடம். மூன்று ஆட்டம் ஆடிவிட்டான். பேசிய பணம் வரவில்லை. மீதி சீசனை விட்டுவிட்டு அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் போகட்டுமா என்கிறான். இதில் துரோகம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை அக்கா. ஒப்பந்தம் பாதியில் இருக்கும்போதே தலைமைக் கோச்சுகள் கல்லூரி மாறுவது அமெரிக்காவில் வழக்கம். பத்தொன்பது வயதுப் பையனிடம் மட்டும் விசுவாசம் கேட்பது நியாயமில்லை. யோசிக்க வேண்டியது கணக்கை.

கல்லூரி வீரர் ஜமார் சேஸ் 2020 சீசனை ஆடாமலே, தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2021 டிராஃப்டில் ஐந்தாவதாகத் தேர்வானார் என்று மகன் சொல்லியிருப்பான். உண்மைதான். அதே வருடம் ஒதுங்கிய பெனே சூவல் ஏழாவது, மைக்கா பார்சன்ஸ் பன்னிரண்டாவது. ஆனால் அது கொரோனா ஆண்டு. மூவருக்கும் அதற்கு முன் இரண்டு சீசன் ஆட்டம் வீடியோவில் இருந்தது. பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாத யாரையும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். தன் டிராஃப்டில் சேர்ப்பதில்லை. மாரிஸ் கிளாரெட் என்ற கல்லூரி வீரர் 2004இல் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது இந்த விதியில்தான். உங்கள் மகனுக்கு அந்த வாசல் இன்னும் திறக்கவே இல்லை.

அவனுக்குப் பொருந்துவது ரெட்ஷர்ட், அதாவது சீசன் கணக்கில் கழியாமல் ஒரு வருடம் ஒதுங்கியிருப்பது. 2018இல் வந்த விதிப்படி, நான்கு ஆட்டம் வரை ஆடினால் அந்த வருடம் அவன் கணக்கிலிருந்து கழியாது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடம். அதற்குள் நான்கு சீசன் ஆடலாம். முதல் வருடம் முழுக்க ஆடிவிட்டான், ஒன்று போயிற்று. இந்த வருடம் நிறுத்தினால் மூன்று சீசன் மிச்சம், மூன்று வருடமும் மிச்சம். இடைவெளியே இல்லை. பின்னால் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு சீசன் போனால், ஆறாவது வருடம் கேட்க வேண்டிவரும். அதற்கு, கைமீறிய காரணத்தால் இரண்டு சீசன் போயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தானாக ஒதுங்கிய சீசன் அந்தக் கணக்கில் சேராது. ரெட்ஷர்ட் என்பது ஒரே ஒரு முறை உடைக்கக்கூடிய உண்டியல். இப்போது உடைப்பதா என்பதுதான் கேள்வி.

இனி பணம். யார் தருவதாகச் சொன்னார்கள் என்று மகனிடம் கேளுங்கள். 2025 ஜூன் 6 அன்று கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். அந்த ஜூலை 1 முதல் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அது உச்சவரம்பு மட்டுமே, அவ்வளவும் தந்தாக வேண்டும் என்றில்லை. கல்லூரியின் பணமாக இருந்தால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கும், தேதி இருக்கும்.

வெளி நிறுவனமோ ஆதரவாளர்களோ பெயருக்கும் படத்துக்கும் தரும் பணம் என்றால் கதை வேறு. 600 டாலரைத் தொடும் எந்த ஒப்பந்தத்தையும் ஐந்து வேலை நாளுக்குள், இத்தகைய ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் என்.ஐ.எல். கோ என்ற இணையத் தளத்தில் வீரன் பதிய வேண்டும். உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா, தொகை நியாயமா என்று அங்கே பார்ப்பார்கள். பதியாமல் விட்டதாலோ, "அணியில் இருப்பதற்காக" என்று மொட்டையாக எழுதியதாலோ பணம் நின்றிருக்கலாம். அப்படியானால் செய்ய வேண்டிய வேலையை, இத்தனை சமூக ஊடகப் பதிவு, இத்தனை நிகழ்ச்சி என்று எழுதித் திருத்தி மறுபடி அனுப்பலாம். சீசனைத் தியாகம் செய்யத் தேவையில்லை.

துணைக் கோச் ஒருவர் தொலைபேசியில் சொன்னது மட்டும்தான் என்றால், மேத்யூ ஸ்லூகாவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகாஸ் அணி மூன்றுக்கு மூன்று வென்றிருந்தபோது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கான அவர் விலகினார். ஒரு லட்சம் டாலர் வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்றது அவர் தரப்பு, கல்லூரி மறுத்தது. வாக்கு வாய்மொழியாக இருந்ததால் காட்ட எதுவும் இல்லை. வருடத்தைக் காப்பாற்றி 2025இல் ஜேம்ஸ் மேடிசன் அணிக்கு ஆடினார். பேசிய பணத்தை முன்கூட்டியே எழுதி வாங்காததுதான் தவறு, விலகியது அல்ல என்பேன்.

விலகுவதற்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள்: அணியை விட்டால் கட்டணம் எப்போது நிற்கும், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டுமா, வேறு கல்லூரிக்குப் போனால் ஈடு கேட்பார்களா. தானாக விலகியவனின் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக் கல்லூரிக்கு வழி உண்டு. அதனால் "விலகுகிறேன்" என்று சமூக ஊடகத்தில் முதலில் எழுத விடாதீர்கள்.

வகுப்பை மட்டும் விடவே கூடாது. இந்த இலையுதிர் பருவத்தில் 9 கிரெடிட் (பாட அலகு) முடிக்காத கால்பந்து வீரன் அடுத்த சீசனின் முதல் நான்கு ஆட்டத்தை இழக்க நேரும். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். கல்லூரி மாறும்போது சில பாடங்களைப் புதிய இடம் ஏற்காது. நல்ல பையன்கள் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

வரியும் இருக்கிறது. யாரும் பிடித்தம் செய்து தர மாட்டார்கள். ஒரு லட்சம் டாலர் வந்தால் சுயதொழில் வரி மட்டுமே சுமார் 14,000 டாலர். வருமான வரி அதற்கு மேல். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15ஆம் தேதிகளில் தவணை கட்ட வேண்டும். வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

இந்த வாரமே கல்லூரியின் விதிமுறை அலுவலகத்துக்கு மகன் ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்: இதுவரை எத்தனை ஆட்டம் என் கணக்கில் இருக்கிறது, இப்போது நிறுத்தினால் எத்தனை சீசன் மிச்சம். பதில் எழுத்தில் வரட்டும். கோச்சிடமும் பேசிய தொகையை எழுத்தில் கேட்கட்டும், பதிலுக்கு ஒரு தேதி வைத்து. நான்காவது ஆட்டம் வரை ஆடலாம், வருடம் போகாது. ஐந்தாவதில் கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு கிக்-ஆஃபுக்கு உள்ளே அனுப்பினாலும் அது ஓர் ஆட்டம்தான். ஐந்தாவது ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால், சீருடை போடும் முன்பே கோச்சிடம் சொல்லிவிடட்டும்.

அன்புடன்,
தம்பி