களப்பயிற்சிக்கு வரும் மாணவருக்கு ஊதியம் கொடுங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு–முண்டந்துறை, திருவில்லிபுத்தூர்–மேகமலை ஆகிய ஐந்து புலிகள் காப்பகங்களிலும் கோடைதோறும் கல்லூரி மாணவர்களுக்கு ஊதியத்தோடு களப்பயிற்சி கொடுங்கள்.

செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு எங்கள் பிள்ளைகள் பலர் பனியன் கம்பெனிக்கோ துணிக்கடைக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்த வருஷ ஃபீஸ் அதில்தான் வந்தாக வேண்டும். தாளவாடிப் பக்கத்து மாணவி ஒருத்தி, குரலை வைத்தே பறவையின் பெயர் சொல்வாள். சம்பளமில்லாத இரண்டு மாதப் பயிற்சி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. தாளில் கணக்குப் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள்: பஸ், மெஸ், ஷூ, அட்டைக்கடிக்கு நீளக் காலுறை. எல்லாவற்றுக்கும் கீழே, அந்த இரண்டு மாதம் வேலைக்குப் போகாததால் வீட்டுக்கு இல்லாமல் போகும் கூலி. அதுதான் பெரிய தொகை. அவள் போகவில்லை. அந்த இடத்துக்கு வசதியான வீட்டுப் பையன் ஒருவன் போனான். நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காட்டில் செய்ய வேலையா இல்லை? வரையாடு கணக்கெடுப்பில் 2024-இல் 1,031 ஆடுகள், 2025-இல் 1,303. இரண்டாம் முறை கூடுதல் இடங்களில் தேடியதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம். மலையேறிப் போய்ப் பார்க்க ஆள் இருந்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும். ஒவ்வொரு புலியையும் அதன் உடல் வரிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறீர்கள்; வலப்பக்க வரியும் இடப்பக்க வரியும் ஒன்றுபோல் இருக்காது என்பதால் தானியங்கிக் கேமராக்களை எதிரெதிரே கட்டுகிறீர்கள். அதில் விழும் படங்களை யாராவது உட்கார்ந்து பிரிக்க வேண்டும்: காற்றில் ஆடிய புல், மாடு, கடமான், மறுபடி மாடு, எப்போதாவது ஒரு புலி.

முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் பரவிவிட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அயல் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்தே துளிர்த்துவிடும். அகற்றிய இடத்தில் புல் வருகிறதா, உண்ணிச்செடி என்ற இன்னொரு அயல் புதர் வருகிறதா, சென்னாவே திரும்ப முளைக்கிறதா என்று ஒரு மீட்டர் சதுரச் சட்டகத்தைத் தரையில் வைத்து, வருஷா வருஷம் அதே இடத்தில் நாற்றுகளை எண்ண வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவாரப் பயிற்சியில் பழகிக்கொள்வார்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டுத் திருத்தப்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை உண்டு. சுற்றுலாக் கட்டண வருவாய் அதில் சேர்கிறது. காப்பகத்துக்குப் பத்துப் பேர் என்று தொடங்கினால் ஐம்பது பேர். நான் முதல்வன் திட்டத்தில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாதம் 7,500 ரூபாய் ஊக்கத்தொகை தருகிற அரசுதான் இது. காட்டில் நடந்து வேலை செய்கிறவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் போக மாதம் 12,000 கேட்கிறேன்.

வேட்டைத் தடுப்புக் காவலர்களின் சம்பளத்தில் கைவைத்து இதைச் செய்யாதீர்கள். அவர்கள் வேலையை மாணவர் தலையில் கட்டவும் வேண்டாம். காட்டில் பிள்ளைகளுக்குப் பாதி பாடம் நடத்தப்போவதே அவர்கள்தான். இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிக் குடும்பங்களிலிருந்து வந்த அந்தக் காவலர்களுக்கு, மாணவரைக் கூட்டிப்போகும் நாட்களுக்குத் தனிப்படி கொடுங்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கு வருகிறார்கள், அவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்.

நடைமுறையில் ஒரு விஷயத்தை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். முதல் மாதப் பணத்தை முன்கூட்டியே தாருங்கள். "செலவு செய்துவிட்டு பில் வையுங்கள்" என்றால் தாளவாடி மாணவிக்கு அது கிடைக்காத பணம்தான். ஷூவும் பஸ் டிக்கெட்டும் முதல் நாளே வேண்டும். யானைக்காட்டில் நடக்கிறவர்கள், விபத்துக் காப்பீடும் எடுத்துக் கொடுங்கள். பைனாகுலரைக் காப்பகமே கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். ஓரளவு நல்லதன் விலையே எங்கள் மாணவரின் செமஸ்டர் ஃபீஸைத் தாண்டும். அறிவிப்பைத் தமிழில் அச்சிட்டு எல்லா அரசுக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைக்கும் அனுப்புங்கள், நேர்காணலையும் தமிழிலேயே வையுங்கள்.

ஜனவரிக்குள் ஆணை வந்தால் பிப்ரவரியில் விண்ணப்பம் வாங்கி, ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளை அனுப்ப எங்களால் முடியும். மார்ச்சுக்கு மேல் தள்ளினால் அவர்கள் கோடை வேலைக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
அரசுக் கல்லூரி விலங்கியல் ஆசிரியர் ஒருவர்