படிக்கட்டில் தொங்கிய குழாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"ரீடிங் ஒண்ணும் சரியா வரலம்மா, வெள்ளிக்கிழமை கைடுகிட்ட எதைக் காட்டறது?" என்று நேற்று போனில் நீ கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிராக்டிகல் பரீட்சை நெருங்கினால் எங்கள் லேபில் என்ன நடக்கும் தெரியுமா? பாயில் விதிச் சோதனை: ரப்பர் குழாயால் இணைத்த இரண்டு கண்ணாடிக் குழாய்கள், உள்ளே பாதரசம், ஒன்றில் அடைபட்ட காற்று. அந்தக் காற்றின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் எல்லா வரிசையிலும் ஒரே எண் வரவேண்டும். வராது. "கடைசிக் கட்டத்தை முதல்ல எழுது, அதிலேருந்து பின்னாடி வா" என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மார்க் போய்விடுமே என்ற பயம்.

ரிடையர் ஆன பிறகுதான் அந்த விதிக்குப் பெயர் தந்த விஞ்ஞானி ராபர்ட் பாயில் 1662-ல் அச்சிட்ட அட்டவணையை நிதானமாகப் பார்த்தேன். தலைகீழாகக் கவிழ்த்த குழாயில் பாதரசம் முழுதும் இறங்கிவிடாமல் நிற்பது காற்றின் அழுத்தத்தால் அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு அதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பிரான்சிஸ் லைன் என்ற பாதிரியார் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எழுந்ததுதான் இந்தச் சோதனை. கீழே வளைந்த கண்ணாடிக் குழாய். மூடிய குட்டைப் பக்கத்தில் 12 அங்குலக் காற்று. திறந்த பக்கம் ஏழடிக்கு மேல். முன்னால் செய்த குழாய்கள் உடைந்துபோயின. இந்த நீளக் குழாய் அறைக்குள் அடங்காமல், வெளிச்சமான ஒரு படிக்கட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். உடைந்தால் பாதரசம் வீணாகாமல் இருக்க அடியில் ஒரு மரப்பெட்டி! மேலே ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, கீழே ஒருவர் காகிதப் பட்டையில் குறித்த கோடுகளைப் பார்த்துப் "போதும்" சொல்ல வேண்டும்.

காற்று பாதியாகச் சுருங்கியபோது அழுத்தம் 58.81 அங்குலப் பாதரசம். கணக்குப்படி முதலில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு, 58.25 வரவேண்டும். கால்பங்கானபோது 117.56, கணக்கு 116.5. இரண்டையும் அடுத்தடுத்த பத்திகளில் அப்படியே அச்சிட்டுவிட்டார் மனுஷன். இவ்வளவு நுணுக்கமான சோதனையில் இந்தப் பிசகைத் தவிர்ப்பது கஷ்டம் என்று ஒரு வரி, அவ்வளவுதான். எங்கள் லேபில் அதைக் கொண்டுவந்திருந்தால் நானே அழித்து எழுதச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. அழுத்தமும் கன அளவும் எதிர்விகிதத்தில் மாறும் என்ற ஊகத்தை ரிச்சர்ட் டவுன்லியுடையது என்றே அவர் குறிப்பிட்டிருக்கிறார். நாம்தான் பாயில் விதி, பாயில் விதி என்று ஒப்பிக்க வைத்தோம். அந்த டவுன்லியும் ஹென்றி பவர் என்ற வைத்தியரும் 1661 ஏப்ரலில், மேலே போகப் போகக் காற்றழுத்தம் எப்படி மாறுகிறது என்று பார்க்க, பாதரசத்தையும் குழாயையும் சுமந்துகொண்டு பெண்டில் குன்றில் ஏறினார்கள். உங்கள் மான்செஸ்டருக்கு வடக்கே, ஐம்பது கிலோமீட்டர் இருக்குமா?

வெள்ளிக்கிழமை, சரியாக வராத ரீடிங் இருக்கும் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போ. திட்டினால் திட்டட்டும்.

குளிர் விட்டதும் பெண்டில் ஏறிவிட்டு வா. இப்போதெல்லாம் சில போன்களே காற்றழுத்தம் காட்டுமாமே. அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று குறித்து எனக்கு அனுப்பு. 557 மீட்டர் உயரத்துக்கு எவ்வளவு குறையணும்னு போட்டு வைத்திருக்கிறேன். உனக்குச் சொல்லமாட்டேன்.

அம்மா