ஞாயிறு வகுப்புக்கு எழுதிக்கொண்டு வாங்கோ
வணக்கம் எல்லாருக்கும், வாற ஞாயிறு பின்னேரம் 4 மணி, வெள்ளவத்தையில வழமையான இடந்தான். எல்லாருக்கும் ஒரே காட்சி: காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ், மழை, கண்டக்டர் மிச்சக்காசு தரேல்ல. இத கவிதை, நாடகம், கதை எண்டு மூண்டு விதமா எழுதோணும். கவிதைக்கு ரெண்டு வரி போதும், குறளுக்கே 7 சீர்தானே, ஆனா கவலை எண்டு எழுதாம நனைஞ்ச டிக்கெட்ட மட்டும் காட்டுங்கோ. நாடகத்தில மனசுக்குள்ள நினைக்கிறத எழுதினா மேடையில ஆருக்கும் தெரியாது, "மிச்சம் எங்க அண்ணே?" "இறங்கேக்க தாறன் தங்கச்சி" எண்டு சொல்லிக்கொண்டே அவர் முகத்த திருப்புறதிலதான் எல்லாம் வரோணும். கதையில உள்மனசுக்கு இடமிருக்கு, ஆனா ஆர்ட கண்ணால பாக்கிறம் எண்டத முதலே முடிவெடுங்கோ, போனமுறை நான் நடுவில ஆள் மாறி எல்லாரையும் குழப்பினது ஞாபகமிருக்கும் 😄 சனி இரவுக்குள்ள குரூப்பில போடுங்கோ, போட்டோ வேணாம், டைப் பண்ணி.