பட்டியலைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் மரபணுக்களைத் திருத்தும் கிறிஸ்பர் நுட்பம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். எளிமையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாதிப் பக்கத்தை அடைத்திருந்த அந்தக் கத்தரிக்கோல் படம்தான் உறுத்துகிறது. (2020இல் நோபல் பரிசு கொடுத்தவர்களே ‘மரபணுக் கத்தரிக்கோல்’ என்றுதான் சொன்னார்கள், ஓவியரை மட்டும் கோபிக்க முடியாது.)

வெட்டுவது பழைய வித்தை. டி.என்.ஏ.யை வெட்டும் நொதியங்களுக்கு 1978ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசு கிடைத்துவிட்டது. அவையும் வைரசுகளை எதிர்க்கப் பற்றீரியாக்கள் வைத்திருந்தவைதான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள். ஆனால் அவை ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு குறுகிய டி.என்.ஏ. தொடரைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டும். இங்கே வெட்டு என்று நாம் கட்டளையிட முடியாது.

கிறிஸ்பரிடம் இருப்பது ஞாபகம். தன்னைத் தாக்கிய வைரசின் டி.என்.ஏ.யில் ஒரு துண்டைப் பற்றீரியா தன் டி.என்.ஏ.யிலேயே சேர்த்துவைக்கிறது. அதே வைரசு மறுபடி வந்தால், அத்துண்டின் ஆர்.என்.ஏ. பிரதியைச் சுமந்த நொதியம் ஒப்பிட்டுப் பார்த்துப் பொருந்தினால் வெட்டுகிறது. திருகோணமலைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, பட்டியலில் விரல் ஓடி முடியும்வரை மூச்சை அடக்கி நின்றவர்கள் நாங்கள்.

இதை மெய்ப்பித்துக் காட்டியதோ தயிர், பாற்கட்டி தயாரிக்கப் பயன்படும் ஒரு பற்றீரியா. 2007இல் டனிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் அதன்மீது வைரசை ஏவினார்கள். பிழைத்தவற்றில் அந்த வைரசின் துண்டுகள் புதிதாகச் சேர்ந்திருந்தன. துண்டை நீக்கியதும் எதிர்ப்பும் போயிற்று. கிண்ணியா எருமைத் தயிர்ச் சட்டியைச் சரித்துக் காட்டி, உறைந்திருக்கிறது பாருங்கள் என்று விற்கும் ஊரில் இருந்துகொண்டு, கட்டுரையில் இது விடுபட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

2012இல், பின்னர் அந்த 2020 நோபல் பரிசைப் பெற்ற சார்பென்டியேயும் டவுட்னாவும், பட்டியலில் நாம் விரும்பிய பெயரை எழுதலாம் என்று காட்டினார்கள். கேஸ் 9 எனும் வெட்டும் நொதியத்துக்கு வழிகாட்டும் ஆர்.என்.ஏ.யை ஆய்வுகூடத்தில் மாற்றியமைத்தார்கள். அது சொன்ன இடத்தில் வெட்டியது. வெட்டுப்பட்ட இடத்தை ஒட்டுவது கலத்தின் சொந்த வேலை, திருத்தம் நடப்பதும் அப்போதுதான். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கு 2023இல் பிரித்தானியா அனுமதித்த சிகிச்சை இந்த வழியில் வந்ததே.

அடுத்த முறை கத்தரிக்கோலையே போடுங்கள். பக்கத்தில் பட்டியல் பிடித்த ஒரு கையையும் வரையச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.