ஊதாக் கூரைப் பாட்டுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

இத்தாலியின் ஜெனோவா பழைய நகரத்துச் சதுக்கத்தில், போன சனிக்கிழமை மாலை, ‘இல் சியேலோ இன் உனா ஸ்தான்சா’ என்ற இத்தாலியப் பாட்டை ஒருவழியாகப் பாடி முடித்தேன். இத்தாலிய நண்பர்களுக்கு அவர்கள் மொழியிலேயே தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். யார் என்ன செய்தார்கள் என்பது நம் ஆட்களுக்கும் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி என் இத்தாலிய மொழி ஆசிரியைக்கு. ‘ஓர் அறைக்குள் வானம்’ என்று தலைப்பு. நீ இங்கே இருந்தால் இந்த அறைக்குச் சுவர் இல்லை, முடிவில்லாத மரங்கள்தான். ஊதா நிறக் கூரை போய் வானம் தெரிகிறது. யாரோ வாசிக்கும் ஆர்மோனிகா எனக்கு ஆர்கனாகக் கேட்கிறது. பாட்டு மொத்தமே இவ்வளவுதான். அது எந்த அறை என்று கேட்டேன். ஆசிரியை கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: விலைமாதர் விடுதி அறை. எழுதிய ஜீனோ பாவோலியே பிறகு சொன்ன விஷயம்தானாம். இத்தாலியில் அந்த விடுதிகளை 1958-இல் சட்டம் போட்டு மூடினார்கள். பாட்டு வந்தது 1960-இல். பாவோலி அப்போது பதிப்புரிமைச் சங்கத்தில் பதிந்திருக்கவில்லை, அதனால் வரிகள் மொகோல் என்ற பாடலாசிரியர் பெயரில் வெளியாயின.

இதெல்லாம் தெரிந்த பிறகு எனக்குப் பாட்டின் மேல் மதிப்பு கூடித்தான் போனது. நிலா, ஆற்றங்கரை, பூந்தோட்டம் என்று எங்கும் அலையாமல், காசு கொடுத்து நுழைகிற ஓர் அறையிலேயே மனுஷர் வானத்தைத் திறந்துவிட்டார். ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிற யாருக்கும் இது இன்றைக்கும் பொருந்துகிறதே!

கீழ்த்தளத்துப் பாட்டிக்கு அடுத்த நன்றி. பத்திரமாக வைத்திருந்த மீனாவின் இசைத்தட்டை நம்பி என்னிடம் கொடுத்தார். (நம்ம ஊர் மீனா இல்லை, இத்தாலியப் பாடகி. இவர் 1960-இல் இதைப் பாடியபோது வயது 20. 1978-க்குப் பிறகு மேடை ஏறவே இல்லை.) கடற்கரைக் கடை ஜூக்பாக்ஸில் காசு போட்டுப் போட்டுக் கேட்டதைப் பாட்டி சொல்லக் கேட்க வேண்டும். விடுதிக் கதை அன்றைக்குத் தெரியுமா என்றேன். “தெரியாது. தெரிந்திருந்தாலும் ஆடியிருப்போம்” என்றார்.

பியானோ வாசித்த நண்பருக்கு நான் பட்ட கடன் பெரியது. என் தொண்டை கர்நாடக சங்கீதத்தில் பழகியது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நேராகப் போகத் தெரியாது, ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் தானாக வந்து விழும். அவர் அதைத் தடுக்கவில்லை. முதல் பாதியை மட்டும் பேசுவது போல, அசைக்காமல் பாடச் சொன்னார். மீனாவும் அப்படித்தான் அடங்கின குரலில் தொடங்குகிறார். வயலின்கள் சேரச் சேரத்தான் குரலை விடுகிறார். அந்த இடம் வந்ததும் “இப்போது உன் இஷ்டம்” என்று பியானோ பக்கமிருந்து தலையசைத்தார் பாருங்கள், அதற்காகவே தனியாக ஒரு நன்றி.

கும்பகோணத்திலிருந்து தொலைபேசியில் சாதகம் கேட்ட அம்மாவுக்கு நன்றி. “பல்லவி எங்கேடி, திரும்பி வரவே மாட்டேங்குதே?” என்று முதல் நாளே பிடித்துவிட்டாள். உண்மைதான், இதில் பல்லவி என்று ஒன்று கிடையாது. ஒரே மூச்சாக மேலே ஏறுகிறது. அம்மாவுக்கு அது கடைசி வரை சமாதானமாகவில்லை.

அப்புறம், ஒலிபெருக்கி பார்த்துக்கொண்ட தம்பி. பாடகி கார்லா புரூனி 2002-இல் பாடியதுதான் அசல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தானாம். பாட்டி முன்னால் அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். சுடச்சுட ஃபொக்காச்சா ரொட்டி அனுப்பிய பேக்கரிக்காரர், நாற்காலி தூக்கிய ஆய்வகத் தமிழ் நண்பர்கள், பால்கனியில் துணி உலர்த்துவதை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்த எதிர்வீட்டு அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

காணொளி எடுத்தவர்கள் தயவுசெய்து எனக்கும் அனுப்புங்கள். அம்மா தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
மூன்றாம் மாடித் தமிழ்ப்பெண்